ஸ்போர்ட் ஏடிவி: ஹேண்டில்பார் கனமாகத் திரும்புகிறது, முன் சஸ்பென்ஷன் மூட்டுகளும் இறுகிக் கிடக்கின்றன

மணற்பாதை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

அண்மையில், வேறொருவர் சில காலம் ஓட்டிய 450 சிசி ஸ்போர்ட் ஏடிவி (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கினேன். எஞ்சினிலும் கியரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹேண்டில்பாரைத் திருப்பத் தோள் வலிக்கும் அளவுக்குப் பலம் தேவைப்படுகிறது. வளைவு முடிந்ததும் அது தானாக நேர்நிலைக்கு வருவதில்லை. ஒவ்வொரு முறையும் நானே இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையில் திருப்பிப் பார்த்தபோதும் இறுக்கம் சற்றுக் குறைந்ததே தவிர நீங்கவில்லை.

முன் சஸ்பென்ஷனும் இயல்பாக இல்லை. முன் பம்பரைப் பிடித்து அழுத்தினால் வண்டி இறங்குகிறது. கையை எடுத்தால் உடனே எழும்பாமல், தயங்கித் தயங்கி ஏறி, பழைய உயரத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு எதுவும் தெரியவில்லை. வண்டியை அதிக அழுத்த நீரால் கழுவுவது முந்தைய உரிமையாளரின் வழக்கம் என்றும், ஏ-ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் A வடிவக் கை) மூட்டுகளின் புஷ்களை அவரே புதிதாக மாற்றியிருந்தார் என்றும் விற்றவர் சொன்னார். அதன் பின்னர் வண்டி பல மாதங்கள் ஓடாமல் நின்றிருக்கிறது.

துரு இளக்கும் எண்ணெயை எல்லா மூட்டுகளிலும் தெளித்துப் பார்த்தேன். அன்று மாலை மட்டும் ஓரளவு இலகுவாக இருந்தது. மறுநாளே பழைய நிலைக்கு வந்துவிட்டது. எல்லாப் பால் ஜாயின்ட்களையும் (கிண்ணத்துக்குள் குண்டு அசையும் மூட்டுகள்) டை ராட் எண்ட்களையும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனைகள்) ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாமா, அல்லது கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டறிய வழி உண்டா? சீல் செய்யப்பட்ட பால் ஜாயின்ட்டுக்குள் கிரீஸ் செலுத்த முடியுமா? ஏ-ஆர்ம் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தியபோது சஸ்பென்ஷன் நன்றாக அசைந்தது. அப்படியே விட்டு ஓட்டுவது சரிதானா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய பட்டறை – பதில்

நண்பரே, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ஏ-ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி வைத்து ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். காரணத்தைப் பின்னர் வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள். இப்போதைக்கு அவற்றை மறுபடியும் இறுக்கிவிட்டு மேலே படியுங்கள்.

எதையும் வாங்கும் முன் இறுக்கம் எந்த மூட்டில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரிலிருந்து சக்கரம் வரை ஸ்டீயரிங் தண்டின் மேல் புஷ், கீழ் பேரிங், டை ராட்டின் இரு முனைகள், நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) மேல் கீழ் பால் ஜாயின்ட்கள் என்று ஒன்றோடொன்று கோக்கப்பட்ட மூட்டுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் இணைந்திருக்கும்போது எது இறுகினாலும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் பலர் பால் ஜாயின்ட்களை மாற்றிய பிறகும் பழைய கனத்தோடே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டியின் சட்டத்துக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்கள் இரண்டும் தொங்கும்படி நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை வைக்க வேண்டாம். ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மிக மெதுவாகத் திருப்பி, இறுக்கம் எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். முழு வீச்சிலும் ஒரே சீராகக் கனமாக இருந்தால் சந்தேகம் தண்டின் மேல் புஷ்மீது விழ வேண்டும். யாராவது ஸ்டீயரிங் டாம்பர் (ஹேண்டில்பாரின் உதறலை அடக்கும் கருவி) பொருத்தியிருந்தால் அதன் மீதும் விழ வேண்டும். இடையிடையே சிக்கிச் சிக்கி, பல்லில் மாட்டி விடுபடுவதுபோல் திரும்பினால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ துருவில் அரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கக் கோடியில் மட்டும் இறுகினால் பிரேக் குழாய், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இழுபடுகிறதா என்று பாருங்கள். எதுவும் இழுபடவில்லையென்றால் தண்டு வளைந்திருக்கலாம்.

தொங்கவிட்டுச் சோதிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சக்கரம் முழுமையாகக் கீழே தொங்கும்போது பால் ஜாயின்ட்கள் தங்கள் கோணத்தின் எல்லையை நெருங்கி நிற்கின்றன. ஓட்டும்போது இல்லாத இறுக்கம் அங்கே வரக்கூடும். எனவே ஏ-ஆர்முக்கு அடியில் சிறு ஜாக்கி வைத்து, நீங்கள் அமர்ந்து ஓட்டும்போது இருக்கும் உயரத்துக்குச் சக்கரத்தைத் தூக்கியும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, இரு டை ராட்களையும் ஸ்டீயரிங் தண்டின் பக்கமுள்ள முனையில் கழற்றுங்கள். இந்த ஒரு வேலை பாதிக் கேள்விகளுக்கு விடை தந்துவிடும். இப்போது ஹேண்டில்பார் தனித் தண்டாக நிற்கிறது; ஒரு விரலால் தள்ளினாலே கோடிவரை போய்விட வேண்டும். போகவில்லையென்றால் கோளாறு தண்டில்தான் இருக்கிறது. மேல் புஷ்ஷைப் பிடிக்கும் கிளாம்ப்பின் போல்ட்டுகளைச் சில சுற்றுகள் தளர்த்திவிட்டு மீண்டும் திருப்புங்கள். சட்டென்று இலகுவாகிவிட்டால் மேல் புஷ்தான் காரணம். மாற்றமே இல்லையென்றால் கீழ் பேரிங். தளர்த்திய நிலையில் திருப்பும்போது தண்டின் மேல்பகுதி வட்டம் போட்டு ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த தண்டை நிமிர்த்திப் போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை; மாற்றித்தான் ஆக வேண்டும்.

தண்டு சரியாக இருந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே கையால் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். இடது சக்கரம் எளிதாகத் திரும்பி வலது சக்கரம் முரண்டு பிடித்தால், தேட வேண்டிய இடம் வலது நக்கிளின் இரண்டே மூட்டுகளாகச் சுருங்கிவிடுகிறது.

சஸ்பென்ஷனுக்கும் இதே முறைதான். சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவிவிட்டு, ஏ-ஆர்ம்களைக் கையால் மேலே தூக்கி விடுங்கள். அவை தம் எடையால் தாமாகவே கீழே இறங்க வேண்டும். புதிய புஷ் என்றால் மெதுவாக இறங்கலாம். ஆனால் விட்ட இடத்திலேயே நிற்கக் கூடாது. நின்றால் மேல் பால் ஜாயின்ட்டை நக்கிளிலிருந்து பிரித்து, ஏ-ஆர்மின் மேல் கையையும் கீழ் கையையும் தனித்தனியாக அசைத்துப் பாருங்கள். அப்படியே ஷாக்கின் இரு கண்களிலும் (போல்ட் நுழையும் வளையங்கள்) உள்ள புஷ் அல்லது பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்க்க மறக்காதீர்கள். அது துருவேறி இறுகினால், ஷாக் நன்றாக இருந்தும் வண்டி நீங்கள் சொன்னதுபோலத் தயங்கித்தான் எழும்பும். ஷாக்கை மட்டும் வீட்டில் பிரிக்க முயல வேண்டாம். பெரும்பாலான ஸ்போர்ட் ஷாக்குகளில் நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும்.

திருகுசாவி – பதில்

மேலே சொன்ன முறையைத்தான் நானும் பின்பற்றுகிறேன். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இரண்டைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். பலரும் நல்ல பாகத்தைத் தூக்கி எறிவதும், கெட்ட பாகத்தை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் இங்கேதான்.

இறுக்கமாக இருக்கும் பால் ஜாயின்ட் எல்லாமே கெட்டுப்போனதல்ல. புத்தம் புதிய ஜாயின்ட்டின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். நன்றாகவே எதிர்ப்புக் கொடுக்கும். ஆனால் அந்த எதிர்ப்பு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல், வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுவழுப்பாக இருக்கும். கெட்டுப்போன ஜாயின்ட்டில் அந்தச் சீர்மை இருக்காது: ஒரு கோணத்தில் தளர்ந்தும் இன்னொரு கோணத்தில் சிக்கியும் நிற்கும், மணல் அரைபடும் உணர்வு விரலுக்கு எட்டும், அல்லது குண்டு கிண்ணத்துக்குள் மேலும் கீழும் ஆடும். மேலும் கீழுமான ஆட்டம் இம்மி அளவு தெரிந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கி விழும். வண்டியின் வேகம் எதுவாக இருந்தாலும் அது உயிருக்கு ஆபத்து.

சீல் செய்த ஜாயின்ட்டில் கிரீஸ் போட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ரப்பர் உறையின் விளிம்பை மொட்டையான கருவி ஒன்றால் மெல்ல உயர்த்தி, பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, புதியதை வைத்து மூடலாம். குண்டு பளபளப்பாக இருந்தால் இது அந்த ஜாயின்ட்டின் ஆயுளை நீட்டும். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் கலந்த கூழ் வந்தால், எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அரிக்கப்பட்ட குண்டு மீண்டும் வழுவழுப்பாகாது. ஊசி வைத்த கிரீஸ் கன்னால் உறையைக் குத்திச் செலுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. கிரீஸ் போன அதே ஓட்டை வழியாக நாளை தண்ணீரும் போகும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை.

பிரிப்பதற்குப் பால் ஜாயின்ட் புல்லர் வாங்கிவிடுங்கள். இரு பல் கொண்ட ஆப்புக் கருவியை அடித்து நுழைத்தால் ஜாயின்ட் பிரியும், ஆனால் ரப்பர் உறை கிழிந்துவிடும். மாற்றப்போகும் ஜாயின்ட்டுக்கு மட்டும் அது பொருந்தும். எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் நட்டை முழுமையாகக் கழற்றாமல் சில மரைகளில் விட்டு வையுங்கள். தண்டின் நுனியைச் சுத்தியலால் அடித்தால் மரை பிதுங்கிவிடும். நக்கிள் அலுமினியமாக இருந்தால் அதையும் அடிக்கக் கூடாது.

டை ராட் எண்ட் விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) சரிசெய்துவிட்டு லாக் நட்டுகளை இறுக்கும்போது, நட்டோடு சேர்ந்து எண்டும் சுழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அந்த நிலையில் இறுக்கினால் இரு முனைகளிலும் உள்ள குண்டுகள் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து, தம் கோணத்தின் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பாகங்கள் எல்லாம் புதியதாகவே இருக்கும். ஸ்டீயரிங் மட்டும் ஒரு கோடியில் இறுகும், சஸ்பென்ஷன் இறங்கும்போதும் சிக்கும். இதைச் சோதிப்பது எளிது: டை ராட்டின் நடுவைக் கையால் பிடித்து முன்னும் பின்னுமாக உருட்டிப் பாருங்கள். இரு திசையிலும் ஏறத்தாழ ஒரே அளவு உருள வேண்டும். ஹேண்டில்பாரை இரு கோடிகளிலும் வைத்து இதைச் செய்து பாருங்கள். உருளவில்லையென்றால் லாக் நட்டைத் தளர்த்தி, இரு எண்ட்களையும் நடுநிலையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் இறுக்க வேண்டும். பெரும்பாலான டை ராட்களில் ஒரு முனை இடது மரையாக இருக்கும் என்பதால் ஸ்பானரைப் போடும் முன் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்குதடம் – பதில்

இரண்டு சிறு விஷயங்கள். பிரித்துப் போடும் முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலாவது, டயர் காற்று. ஸ்போர்ட் ஏடிவி டயர்கள் பொதுவாக 4 முதல் 5 பிஎஸ்ஐ வரையிலான மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடுபவை. கார் டயருக்கான அளவுமானியில் இந்த அளவைச் சரியாகப் படிக்க முடியாது; 3-க்கும் 5-க்கும் அதில் வேறுபாடே தெரியாது. ஆனால் முன்டயரில் அந்த ஓரிரு பிஎஸ்ஐ குறைந்தாலே ஹேண்டில்பார் கனத்துவிடும். குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள மானியால் அளந்து, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, இந்த வகை வண்டிகளில் பின் அச்சு ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அமைப்பு) கிடையாது. வளைவில் இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதால், கெட்டியான தரையில் மெதுவாகத் திருப்பும்போது வண்டி நேராகப் போகத்தான் முயலும். அந்தக் கனம் கோளாறு அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் இளகிய மண்ணில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தியும் இறுக்கம் இருப்பதாகச் சொல்வதால், உங்கள் வண்டியில் உண்மையான கோளாறும் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மணற்பாதை – கேட்டவர்

விரிவாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே பிரித்துப் பார்த்தேன், கண்டவற்றை எழுதுகிறேன்.

டை ராட்களைக் கழற்றிய பிறகும் ஹேண்டில்பார் கனமாகவே இருந்தது. மேல் கிளாம்ப்பைத் தளர்த்தியதும் பாதிக் கனம் குறைந்தது, மீதி அப்படியே இருந்தது. கிளாம்ப்பைத் திறந்தால், இரண்டாகப் பிளந்த புஷ்ஷுக்கும் அதன் வீட்டுக்கும் (அது உட்காரும் குழி) இடையே காய்ந்த சேறு ஓடுபோல் படிந்திருக்கிறது. கிரீஸ் கறுத்து, மெழுகுபோல் உறைந்திருக்கிறது. கீழ் பேரிங்கை விரலால் சுழற்றினால் கரகரவென்று சிக்குகிறது; சீலின் உதட்டோரத்தில் துரு கசிந்த கறை தெரிகிறது. பால் ஜாயின்ட்களில் இடது கீழ் ஜாயின்ட் மட்டும் ஒரு கோணத்தில் சிக்குகிறது. மற்ற மூன்றும் வழுவழுப்பாக அசைகின்றன. டை ராட்கள் நன்றாக உருளுகின்றன.

புதிராக இருப்பது ஏ-ஆர்ம்தான். ஷாக்கைக் கழற்றிய பிறகு வலது கீழ் கை வைத்த இடத்திலேயே நிற்கிறது. கிரீஸ் நிப்பிளில் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) கன் வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போக மறுத்து நிப்பிளின் ஓரமாகப் பீய்ச்சி அடிக்கிறது. போல்ட்டை இறுக்க இறுக்கக் கை மேலும் இறுகுகிறது, தளர்த்தினால் விடுபடுகிறது. புஷ்கள் பார்ப்பதற்குப் புதியவை. புதிய புஷ் போட்ட இடம் ஏன் இவ்வளவு இறுக வேண்டும்?

ஆர்ம் புஷ் – பதில்

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. போல்ட் இறுகும்போது கையும் இறுகினால், போல்ட் பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் வேறொன்றைப் பிடிக்கிறது.

ஸ்போர்ட் ஏடிவியின் ஏ-ஆர்ம் மூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கையின் குழாய்க்குள் பிளாஸ்டிக் புஷ் இறுக்கமாக நிற்கிறது. புஷ்ஷுக்குள் எஃகு ஸ்லீவ் (சிறு குழாய்) ஒன்று சுழல்கிறது. சட்டத்தின் இரு காதுகளுக்கும் (போல்ட் நுழையும் துளையுள்ள தகடுகள்) நடுவே அந்த ஸ்லீவை வைத்துத்தான் போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. அதாவது, முழு டார்க்கில் (திருகும் விசையில்) இறுக்கினாலும் ஸ்லீவ் மட்டும்தான் சட்டத்தோடு சேர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். புஷ்ஷும் கையும் அதன் மேல் தாராளமாகச் சுழல வேண்டும். இதற்கு ஸ்லீவின் நீளம், இரு புஷ்களின் விளிம்புகளோடு சேர்த்த மொத்த நீளத்தைவிட மயிரிழை அளவாவது கூடுதலாக இருந்தாக வேண்டும். புஷ் விளிம்பு ஸ்லீவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சட்டத்தின் காதுகள் ஸ்லீவைத் தொடும் முன்பே புஷ்ஷை நசுக்குகின்றன. உங்கள் வலது கீழ் கையில் இதுதான் நடக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

கையைக் கழற்றி, ஸ்லீவை உள்ளே வைத்து, அதன் இரு முனைகளும் புஷ் விளிம்பைவிட வெளியே நிற்கின்றனவா என்று நேர்விளிம்புள்ள அளவுகோலை வைத்துப் பாருங்கள். வெர்னியர் காலிப்பர் இருந்தால் இரு நீளங்களையும் அளந்துவிடுங்கள். புஷ் முழுமையாக உள்ளே அமராமல் இருந்தால், குழாயின் வாயில் உள்ள பெயிண்டையும் பிசிறையும் சுரண்டிவிட்டு மறுபடியும் அழுத்துங்கள். நன்றாக அமர்ந்த பிறகும் நீட்டிக்கொண்டிருந்தால், சமதளக் கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, புஷ்ஷின் விளிம்பு முகத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஸ்லீவைத் தேய்க்கக் கூடாது. அது குறைந்தால் நசுங்கல் இன்னும் கூடும். சட்டத்தின் காதுகள் முன்பு எப்போதாவது அடிபட்டு உள்நோக்கி வளைந்திருக்கின்றனவா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

நீளம் சரியாக இருந்தும் ஸ்லீவ் புஷ்ஷுக்குள் கையால் சுழலவில்லையென்றால் துளை சிறியதாகிவிட்டது என்று அர்த்தம். புஷ்ஷைக் குழாய்க்குள் அழுத்தும்போது அதன் உள்துளை சற்றுச் சுருங்குவது இயல்பு. நைலான் புஷ் என்றால் நீரை உறிஞ்சிப் பருக்கவும் செய்யும். அசிட்டால் வகைப் புஷ்ஷில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கழுவி ஈரத்தோடு பல மாதம் நின்ற வண்டி என்பதால் இதையும் மனத்தில் வையுங்கள். ரீமரையோ ஹோனிங் கருவியையோ வைத்து, ஸ்லீவ் கையால் தள்ளினால் நுழைந்து தாராளமாகச் சுழலும் அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். லொடலொடவென்று ஆடும்வரை எடுத்துவிட்டால் புஷ் வீணாகிவிடும். ஸ்லீவில் துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மெருகேற்றுங்கள். குழி விழுந்திருந்தால் அது புதிய புஷ்ஷை அரைத்துத் தின்றுவிடும், மாற்றிவிடுங்கள்.

கிரீஸ் ஏறாததற்குக் காரணம் நிப்பிள் அடைத்திருப்பதாக இருக்கலாம். அதைக் கழற்றித் தனியே கன்னில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நிப்பிள் நன்றாக இருந்தால், உள்ளே கிரீஸ் போகும் வழியைப் புஷ்ஷின் சுவரே மறைத்துக்கொண்டு நிற்கிறது. துளையுள்ள புஷ் என்றால் அந்தத் துளையை நிப்பிளுக்கு நேராக வைத்துத்தான் அழுத்த வேண்டும். முன்பு மாற்றியவர் அதைக் கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

போல்ட்டைத் தளர்த்தி ஓட்டக் கூடாது என்று மேலே சொன்னதன் காரணமும் இதுவே. தளர்ந்த போல்ட்டில் ஸ்லீவ் சட்டத்தோடு நிற்காமல் தானும் சுழன்று, போல்ட்டையும் காதுகளின் துளைகளையும் தேய்க்கத் தொடங்கும். துளை நீள்வட்டமாகிவிட்டால் புஷ்ஷை மாற்றித் தீர்க்க முடியாது. சட்டத்தையே வெல்ட் செய்து திருத்த வேண்டிவரும். அதற்குள் நட் கழன்றால் கையே சட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும்.

இன்னொன்று. ரப்பரும் எஃகும் ஒட்டி வார்க்கப்பட்ட புஷ் உள்ள வண்டிகளில், ரப்பர் முறுகாமல் இருக்க வண்டியைத் தரையில் நிறுத்திய உயரத்தில் வைத்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். உங்களுடையதுபோல் ஸ்லீவ் சுழலும் வகையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இணையத்தில் இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

பழைய பட்டறை – பதில்

நண்பரே, நன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். வாங்க வேண்டியவை இப்போது தெளிவாகிவிட்டன: கீழ் பேரிங், அதன் இரு ஆயில் சீல்கள், இடது கீழ் பால் ஜாயின்ட், புதிய ஸ்ப்ளிட் பின்கள். மேல் புஷ் வெடிக்காமலும் ஒரு பக்கம் தேயாமலும் இருந்தால் கழுவிக் கிரீஸ் வைத்துத் திரும்பப் போடலாம்.

புஷ்ஷின் வீட்டில் படிந்த சேற்றை முழுமையாகச் சுரண்டி எடுங்கள். அந்த மெல்லிய ஓடுதான் புஷ்ஷை உள்நோக்கித் தள்ளித் தண்டைக் கவ்விக்கொண்டிருந்தது. தண்டில் புஷ் உட்காரும் பகுதியை உப்புத்தாளால் வழுவழுப்பாக்குங்கள். பல வண்டிகளில் கிளாம்ப் போல்ட்டுகளுக்கு உள்ளே சிறு காலர்கள் இருக்கும். கிளாம்ப் எவ்வளவு இறுக வேண்டும் என்று தீர்மானிப்பவை அவைதான். அவை தொலைந்துபோன வண்டியில் கிளாம்ப்பைச் சரியான டார்க்கில் இறுக்கினாலும் தண்டு பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியின் பாகப் படத்தில் காலர் காட்டப்பட்டிருந்தால் அது உண்மையில் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

கீழ் பேரிங்கை எடுக்க, அடியில் உள்ள ஸ்ப்ளிட் பின்னையும் நட்டையும் கழற்றித் தண்டை மேல்நோக்கி உருவ வேண்டும். பிறகு சீலை நெம்பி எடுத்தால், வண்டியைப் பொறுத்து ஒரு சர்க்ளிப்போ மரையுள்ள வளையமோ பேரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். துரு அதிகமாக இருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடுங்கள். அவசரப்பட்டு நெருப்புக் காட்ட வேண்டாம். அருகிலுள்ள சீலும் குழாய்களும் உருகும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை முன்னதாக அடித்திருந்தால், சூட்டில் அதிலிருந்து கொடிய நச்சு வாயு வெளிப்படும். புதிய பேரிங்கை உள்ளே தட்டும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் விசை படும்படி, அதே விட்டமுள்ள சாக்கெட் ஒன்றை வைத்துத் தட்டுங்கள். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் பள்ளத்தில் தடம் பதித்துவிடும். புதிய பேரிங்கும் முதல் நாளிலேயே கரகரக்கும்.

அடி நட்டின் வேலை பேரிங்கின் உள் வளையத்தைத் தண்டோடு சேர்த்துப் பிடிப்பது. எனவே அதை உரிய டார்க்கில் இறுக்குவதால் ஸ்டீயரிங் கனக்கக் கூடாது. இறுக்கும்போது கனம் கூடினால் வாஷரோ ஸ்பேசரோ விடுபட்டிருக்கிறது, அல்லது மேல் புஷ்ஷின் வீடும் கீழ் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கேஸில் நட்டின் வெட்டும் பின் துளையும் நேராக வரவில்லையென்றால் அடுத்த வெட்டுவரை இறுக்குங்கள். பின் நுழைவதற்காக நட்டைத் தளர்த்தாதீர்கள்.

கிரீஸ் எதுவென்று யாரும் இதுவரை சொல்லவில்லை. என்எல்ஜிஐ 2 தடிப்புள்ள, நீரில் கரைந்து ஓடாத கிரீஸாகப் பாருங்கள். கால்சியம் சல்ஃபோனேட் வகை சேற்றிலும் தண்ணீரிலும் மிக நன்றாக நிற்கிறது. பழைய கிரீஸ் என்ன வகை என்று உங்களுக்குத் தெரியாது என்பதால் அதை முழுமையாகத் துடைத்துவிட்டே புதியதை வையுங்கள். சில வகைகள் ஒன்றோடொன்று கலந்தால் இளகி வழிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் கிரீஸுக்கு மாற்று ஆகாது. அது உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்துக்கொண்டு வெளியேறிவிடும். உங்களுக்கு ஒரே மாலை மட்டும் இலகுவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். நிப்பிள்களுக்குக் கிரீஸ் ஏற்றும்போது வண்டியின் எடை சக்கரங்களில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, இரு விளிம்புகளிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை ஏற்றுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு டோவைச் சரிபார்த்தாக வேண்டும். ஹேண்டில்பாரை நேராக வைத்து, முன்டயர்களின் முன்புறத்தில் ஹப் உயரத்தில் நடுக்கோட்டைச் சுண்ணக்கட்டியால் குறித்து, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே குறிகள் பின்புறத்தில் ஹப் உயரத்துக்கு வரும்படி சக்கரங்களை அரைச் சுற்றுச் சுழற்றி மறுபடியும் அளங்கள். முன்னளவு பின்னளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருப்பதே வழக்கம். உங்கள் வண்டிக்கான சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். திருத்திய பிறகு லாக் நட்டுகளை இறுக்கும்போது, திருகுசாவி சொன்னதுபோல் எண்ட்களை நடுநிலையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் இந்த நிலையில் இருக்கிறது என்றால், பின் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரங்களைத் தாங்கும் கை) நீளமான போல்ட்டும் லிங்கேஜின் (அதைப் பின் ஷாக்கோடு இணைக்கும் அமைப்பு) ஊசி பேரிங்குகளும் அதே தண்ணீரைத்தான் குடித்திருக்கும். அந்தப் போல்ட் ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். இன்னும் சுழல்கிற நிலையில் இருந்தால் இப்போதே உருவிக் கிரீஸ் பூசி வைத்துவிடுங்கள். இனிக் கழுவும்போது ஸ்டீயரிங் தண்டின் அடி, ஏ-ஆர்ம் முனைகள், லிங்கேஜ் ஆகிய இடங்களுக்கு நேராக அழுத்த நீரைக் காட்டாதீர்கள். கழுவி முடித்ததும் சிறிது தூரம் ஓட்டி நீரை உதறிவிட்டு, நிப்பிள் உள்ள இடங்களில் எல்லாம் கிரீஸ் ஏற்றுங்கள்.

வலது கீழ் ஏ-ஆர்மின் ஸ்லீவ் அளவையும் புஷ் அளவையும் எடுத்ததும் இங்கே எழுதுங்கள். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறோம்.